அம்மா வீடு வந்து சேர்ந்தா, எல்லோருக்கும் நன்றி

அம்மா திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. அம்மா வீட்டுக்கு வந்திட்டா. நேற்று முற்றம் கூட்டவில்லை என்று எனக்கு ஏச்சும் விழுந்தது.

இரத்தம் தந்த பெடியன்கள், அதில் இருவர் சிங்களப் பிள்ளைகள், விடிய விடிய ஓடித்திரிந்த உப்புவெளி ஆட்டோக்கார அண்ணன், வாட்டுத் தாதிமார், கோணேசரிலும் பத்திரகாளி அம்மனிலும் அர்ச்சனை செய்தவர்கள், கனடாவிலிருந்து கேட்காமலே காசு அனுப்பிய சொந்தங்கள். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனி என் சின்னவயதுக் கூட்டாளி அவனைப் பற்றி. பெயர் போட்டால் கோபிப்பான்.

எங்கள் வளவுக்குப் பக்கத்தில்தான் அவன்ட வாப்பாட தையல் கடை இருந்தது. அவன் படித்தது முஸ்லிம் பள்ளிக்கூடம், நான் படித்தது இந்துப் பள்ளிக்கூடம். பின்னேரமானால் கோட்டைக்குள் மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுக்க ஒன்றாக ஓடுவோம். எங்கள் வீட்டில் அவனுக்குத் தேத்தண்ணி குடிக்க ஒரு தனிக் கோப்பை, விறாந்தைத் தூணடியில் கவிழ்த்துக் கிடக்கும். குடித்துவிட்டு அவனே கழுவிக் கவிழ்த்து வைப்பான். பெருநாளைக்கு அவன்ட உம்மா அனுப்பும் வட்டிலப்பத்தை அம்மா முட்டை என்று தொடமாட்டா, முழுக்க எனக்குத்தான். 1990 சண்டையோடு கடையை மூடிக் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற கிண்ணியாவுக்குப் போய்விட்டார்கள். 2009இல் பாலம் திறக்கும்வரை அவனைப் பார்க்கப் பாதைக்கு, அதுதான் ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு, காத்துக்கிடந்து, ஏறித்தான் போகவேண்டும். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரவுனுக்கு வரவே அவன் யோசித்தான். எனக்குக் கோல் மட்டும் எடுப்பான்.

அவன் நோன்போடு, மோட்டார் சைக்கிளில், சீனக்குடா தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் கேரியர். படியிலேயே ஒரு பேரீச்சம்பழமும் தண்ணியுமாக நோன்பு திறந்துவிட்டு உள்ளே வந்தான். கேரியரில் நோன்புக் கஞ்சி. பள்ளியில் ஊற்றும் கஞ்சியில் இறைச்சி கிடக்கும். இது வெந்தயமும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் மட்டும். "புதுச் சட்டியில காய்ச்சினது மாமி, கோப்பையும் புதுசு" என்றான். உண்மைதான், கோப்பையின் அடியில் விலை ஒட்டினபடியே இருந்தது. குத்திக்காட்டவில்லை; அம்மா குடிக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவன் முகத்தில்.

சோற்றுப் பருக்கைக்கே முகம் திருப்பிக்கொண்டிருந்த அம்மா, "நீ குடிக்காம எனக்கு இறங்காது" என்றா. அவன் கேரியர் மூடியில் ஊற்றிக் குடித்தான். பிறகு அம்மா குடித்தா, அடிவரைக்கும். "உம்மா எப்படி இருக்கிறா?" என்று கேட்டதை வாழ்நாளில் முதல்தரம் கேட்டேன்.

அம்மா மாறிவிட்டா என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். அடுத்தநாளே பக்கத்துக் கட்டில் அன்ரியிடம், "அவையளை நம்பேலாது, இவன் எங்கட பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தா. ஒருவனுக்காகத் திறந்த கதவு, அவ்வளவுதான். ஆனால் அதைத் திறந்தது எந்த நல்லிணக்கக் கூட்டமும் இல்லை, மானுக்குப் பழத்தோல் கொடுத்த பழக்கம்.

என் பெடியன்களுக்கு அப்படி ஒரு கூட்டாளி இல்லை. பள்ளிக்கூடமும் வேறு, ரியூசனும் வேறு. மற்றவர்களைப் பற்றி அவர்கள் அறிவதெல்லாம் போனில்தான். அடுத்த லீவுக்கு இருவரையும் கிண்ணியாவில் விடப்போகிறேன். அவனிடம் சொன்னேன். "மச்சான், அவனுகளுக்கு நீந்தத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் பின்னேரம் வாங்கோ. மத்தியானம் மருந்துக்கு நல்லாய் நித்திரை கொள்ளுறா.