வீடு திரும்பிய பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சாலை விபத்தில் தலைக்காயம் அடைவோரைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தவணையாகப் படித்தேன். ஒரே மூச்சில் படித்தால் எனக்குத் தலை பாரமாகிவிடும். ஐசியூ, அறுவை சிகிச்சை, சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதன் அவசியம் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் நோயாளி வீடு திரும்புவதோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. எனக்கு அதற்கப்புறம்தான் கஷ்டமே தொடங்கியது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பைக்கின் மீது ஒரு கார் மோதியது. மயக்க நிலையை அளக்க கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1974-இல் வெளியானது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். வீட்டுக்குப் போகும்போது எனக்கு 15. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இவளால் பின்தொடர முடியுமா, மதியத்துக்கு மேல் மூளை வேலை செய்யுமா என்றெல்லாம் அந்த அளவுகோல் கேட்பதில்லை. கேட்பது அதன் வேலையும் இல்லை.

அடிபட்ட வேகத்தில் மூளை திருகி, உள்ளே இருக்கும் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்துபோகலாம், அது சிடி ஸ்கேனில் தெரியாமலும் போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நான் இன்று பால் கணக்கைக்கூட எழுதி வைத்துத்தான் பார்க்கிறேன். வாசனை சுத்தமாகத் தெரியாது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் இழைகள் மெல்லியவை, தலை குலுங்கும்போது அவையும் அறுபடுமாம். கேஸ் கசிந்தால் வீட்டில் வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். இவை போதாதென்று கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு முன்பு கிடையாது.

வெளியே எதுவும் தெரியாததால் எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "நல்லாத்தானே இருக்கீங்க!" முழுச் சுகம் கிடைத்ததென்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். உயிர் தப்பியதற்கு நன்றி சொன்னேன், முழுச் சுகம் என்று சொல்லவில்லை. ஜெபக்குழுவில் ஒருவர், விசுவாசம் இருந்தால் வலிப்பு மாத்திரை எதற்கு என்றார். இதை மட்டும் தயவுசெய்து கொட்டை எழுத்தில் போடுங்கள்: வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரே போகலாம். நான் மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஜெபமும் பண்ணுகிறேன். இரண்டுக்கும் சண்டை இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டதால் எனக்கு விசுவாசம் போய்விட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைத் தாங்கியதே அதுதான். காலையில் வாசித்த வசனம் பத்து மணிக்கு நினைவில் இருக்காது, ஆனால் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பைபிளின் சங்கீதப் பாடல்கள் ஒரு வரி பிசகாமல் வருகின்றன. பழைய நினைவுகளை இந்தக் காயம் அவ்வளவு சுலபமாகத் தொடுவதில்லை. சொந்தமாக நாலு வாக்கியம் கோர்த்து ஜெபிக்க முடியாத நாட்களில் அந்தச் சங்கீதங்களில் தாவீது ராஜா சொன்ன வாக்கியங்களையே எடுத்துக்கொண்டேன். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று அவரே கேட்டிருக்கும்போது நான் கேட்டால் என்ன?

பைபிளில் மாற்கு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில், பெத்சாயிதா என்ற ஊரில் ஒரு குருடன் வருகிறான். இயேசு தொட்ட பிறகும் அவனுக்கு மனிதர்கள் மரங்களைப் போலத்தான் தெரிகிறார்கள். அதை அவன் மறைக்காமல் சொல்கிறான். உனக்கு விசுவாசம் குறைவு என்று இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் கை வைக்கிறார். அந்த இரண்டு தொடுதலுக்கும் நடுவில்தான் நான் இருக்கிறேன். இரண்டாவது எப்போது வரும், இந்த உலகத்திலா என்றெல்லாம் தெரியாது. பாதி தெரிகிறது என்று உண்மையைச் சொல்ல அந்த மனிதனால் எனக்குத் தைரியம் வந்தது.

மனிதர்களில் உதவியவர் சபையில் ஒரு வயதான அக்கா. வாரம் தவறாமல் அதே கிழமை, அதே நேரம் வருவார். நான் போன வாரம் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார். நான் களைத்துவிட்டால் சொல்லாமலே புரிந்துகொண்டு கிளம்பிவிடுவார். உபதேசம் கிடையாது. போதகர் ஸ்பீக்கருக்குத் தூரமாக, வாசல் பக்கம் எனக்கு ஓர் இருக்கை ஒதுக்கினார். அடுத்த ஞாயிறின் பாட்டுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். செலவே இல்லாத உதவிகள்தான், ஆனால் இவை இல்லாவிட்டால் நான் ஆராதனைக்குப் போவதையே விட்டிருப்பேன்.

என் கணவரை மட்டும் எப்படி இருக்கிறீர்கள் என்று ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், ஆனால் அவர் கல்யாணம் செய்துகொண்ட அந்தப் பெண்ணில் பாதி இல்லை. அதற்காக வெளிப்படையாக அழவும் அவருக்கு வழியில்லை, "அதான் பிழைச்சிட்டாங்களே" என்பார்கள். கடைசியில் சபையில் இரண்டு பேர் அவரை வாராவாரம் நடைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

ஆகவே, அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக இன்னொன்று வெளியிடுங்கள். நரம்பியல் மருத்துவர்களோடு மூளைக்காயத்தால் நினைவும் குணமும் மாறுவதைக் கவனிக்கும் நரம்பு உளவியலாளர்களிடமும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடமும் பேசுங்கள். போதகர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் சபையில் தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். போய்ப் பார்க்கும்போது ஒருவராகப் போங்கள், கூட்டமாக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி