பார்வை போனால் வேலையும் போக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தபோது நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். அனுதாபத்தோடுதான் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்திடவில்லை. அவகாசம் கேட்டு வாங்கி, கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானைப் பழகினேன். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் வளர்த்தெடுத்த இலவச மென்பொருள் அது. முதல் மாதம் ஒரு பட்டியலை முடிக்கவே ஒரு பகல் பிடித்தது. இன்று காதில் விரைந்தோடும் அந்தக் குரலில், பட்டியலின் ஏதோ ஒரு கட்டத்துக்குள் ஒரு சைபர் கூடியிருந்தாலும் பிடித்துவிடுகிறேன்.

வேலையைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடு. அலுவலக மென்பொருளைப் புதுப்பித்த அன்று, பெயரிடப்படாத பொத்தான்களை எல்லாம் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன்" என்றே படித்தது. எது சேமிப்பது, எது அழிப்பது? பெயர் சேர்ப்பது சிறிய வேலை. அதற்கு நான் மூன்று வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. சுற்றறிக்கையைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினாலும் எனக்கு அது வெற்றுத்தாள்தான்.

பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவர்களின் வேலை உரிமையையும் காக்கச் சொல்கிறது, 2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவு. நிறுவனங்கள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டும் முன், ஆறு மாதப் பயிற்சி விடுப்பைத் தரட்டும்.

இப்படிக்கு,
கணக்கர் ஒருவர்