ஸ்மார்ட் போர்டு வேண்டாம் மக்கா

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு? இங்கே குலசேகரம் பக்கம் இடவப்பாதி மழை இன்னும் விட்டபாடில்லை. ஓட்டைக் குடையும் நானுமாகப் பள்ளிக்கூடம் போய்வருகிறோம்.

கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். கோபப்படாதே, அது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அப்பன் இல்லை, அம்மை ரப்பர் வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலைக்குப் போகிறாள். ஒருநாள் லேட் நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது: வெயிலடிக்கிற நாளெல்லாம் அவன் பத்தரைக்கு வருகிறான், கையில் ரப்பர் பால் நாற்றத்தோடு. மழை நாளில் மணியடிக்கும் முன்பே பெஞ்சில் இருக்கிறான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டுக்கு இறங்குவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? சிரட்டையில் சேர்ந்ததை எடுத்து ஊற்ற இன்னொரு கை வேண்டும். அந்தக் கை இவன். மழை பெய்தால் பட்டையில் தண்ணீர் வழிந்து பாலைக் கெடுத்துவிடும், வெட்டு கிடையாது. வெட்டில்லாத நாளில் கூலியும் கிடையாது.

வெயில் நாளில் முதல் பீரியட் கணக்கு போச்சு. மழை நாளில் ஆள் இருக்கிறான், வயிற்றில் ஒன்றுமில்லை. வகுத்தல் கணக்கில் இரண்டு வரி சரியாகப் போடுவான், மூன்றாவது வரியில் எதைக் கழிக்க வேண்டும் என்று மறந்துபோய் என் முகத்தைப் பார்ப்பான். சத்துணவும் முட்டையும் சாப்பிட்ட பிறகு அதே கணக்கைக் கொடுத்தேன். போட்டுவிட்டான்! மறுநாளே டைம்டேபிளை மாற்றி, கணக்கைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினேன். காசு செலவில்லாமல் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கடற்கரையில் வேலை பார்க்கும் நம்ம செட்டு டீச்சரும் இதையேதான் சொல்கிறாள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். மலையிலும் கடலிலும் ஒரே நேரத்தில் அடுப்பு அணைகிற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதல் என்று மேடைதோறும் பேசுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் கணக்கு அது. பசியோடு பெஞ்சில் இருக்கிறவன் அதில் எங்கே தெரிவான்?

புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசே தருகிறது. 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. புதன்கிழமை அந்தப் பையனின் தங்கச்சி பொங்கலும் சாம்பாரும் சாப்பிடுவாள், இவன் தட்டுக் கழுவும் குழாயடியில் சும்மா நிற்பான். சமைக்கிற அக்காமார் மிச்சம் இருந்தால் கூப்பிடுவார்கள். போன வருஷம் வந்தான். இந்த வருஷம் கூப்பிட்டால் “சாப்பிட்டாச்சு” என்கிறான். மீசை அரும்புகிற வயசு மக்கா.

நமக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் சத்துணவு ஆரம்பித்தபோது நாம் சின்னப் பிள்ளைகள், தட்டோடு ஓடினோம். பெரிய வகுப்புக்குப் போனதும் நின்றுபோனது. 1984-இல்தான் 10 முதல் 15 வயதுக்காரருக்கும் நீட்டினார்கள். இடைப்பட்ட நாட்களில் நீ உன் வீட்டு மரச்சீனிக் கிழங்கைப் பாதி பிட்டு எனக்குத் தருவாய். அதை நான் மறக்கவில்லை.

ஆறு முதல் எட்டு வரை எங்களிடம் 38 பிள்ளைகள். போர்டுக்குப் பதிலாக அவர்களுக்குக் காலையில் அவலும் பழமும், அல்லது பயறும் கிழங்கும், ஒரு கட்டன் சாயா கொடுக்கலாம். அக்காமார் சம்மதித்துவிட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்குவது என் வேலை. ஒரே நிபந்தனை: தட்டோடு பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுக்கக் கூடாது. வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள்ளுங்கள், தலையில் முடி இல்லாவிட்டாலும்.

அந்த போர்டுக்கு என்ன விலை சொன்னார்கள் என்று மட்டும் எழுது. அதில் எத்தனை மாசத்து அவல் வரும் என்று கடைக்காரரிடம் கேட்டுவைக்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி