4கே பெட்டி செய்கிறவர்களுக்கு ஒரு மோட்டார் மெக்கானிக்கின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கமுங்க. உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டிவியில் படம் ஓட்டுகிற உங்கள் மீடியா பிளேயர் பெட்டியின் நெற்றியில் நீங்களே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ பாதியில் நின்றுவிடுகிறது என்று நான் கொடுத்த நான்கு புகார்களும் உங்களிடம் எண்ணோடு கிடக்கின்றன. ஐந்தாவது முறையாகப் போன செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். "உங்க இன்டர்நெட் ஸ்பீடை ஒருக்கா செக் பண்ணிப் பாருங்க சார்" என்று உங்கள் பையன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் இனிப் பொதுவில் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த தாளில் அதுதான் முதல் கேள்வி. ஆனால் படம் இருப்பது என் வீட்டு மாடியில், மகனுடைய கம்ப்யூட்டரில். மாடியிலிருந்து கீழே ஆசாரத்துக்கு, அதாவது டிவி இருக்கும் கூடத்துக்கு, வர அதற்கு இன்டர்நெட் எதற்குங்க? கிணறும் என் தோட்டத்தில், தொட்டியும் என் தோட்டத்தில். தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் பவானிசாகர் அணையில் எத்தனை அடி நிற்கிறது என்றா கேட்பீர்கள்?

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். 26 வருடத் தொழில். கம்ப்யூட்டர் படித்தவனில்லை. கீழே சொல்லப்போகும் கணக்கெல்லாம் மகன் சொல்லிக் கொடுத்தது. சோதித்துப் பார்த்த முறை மட்டும் என்னுடையது.

போன வைகாசியில் அவனுக்குத்தான் கல்யாணம். எட்டு நாள் இருக்கும்போது அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 79 வயது. மண்டபத்துக்கு வர முடியவில்லை. சீர்களையெல்லாம் முன்னால் நின்று நடத்தியது அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன். எங்கள் பக்கம் கல்யாணச் சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் அவர்தான். "எம்பட பேரன் கல்யாணத்த நாம் பாக்காட்டிப் போச்சாது, எங்கண்ணன் பாத்துச்சல்லொ" என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டார். ஆடியில் மாமா தவறிவிட்டார். ஆவணியில் ஸ்டுடியோக்காரர் வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா நடந்து, பேசி, சிரிக்கிற படம் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அம்மாவின் கட்டிலை ஆசாரத்தில் டிவிக்கு நேராக இழுத்துப் போட்டோம். மாமா வீட்டிலிருந்தும் எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. மாமா அரிசியை அள்ளிக் கையை உயர்த்துகிறார், சுற்றி நிற்பவர்களும் அரிசியும் பூவும் போடத் தொடங்குகிறார்கள். நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கை மேலே போனது போனபடி நின்றுவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணன் கையத் தூக்குனாப்புலயே நிக்குதே கண்ணு. கை வலிக்குமல்லொ, எறக்கச் சொல்லு" என்றார்.

ஆசாரத்தில் ஒருவரும் பேசவில்லை. மாமாவின் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நிறுத்தி மறுபடி போட்டோம், அதே இடத்தில் நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டோம், அதே இடம். மூன்றாவது முறை கை பாதி இறங்கி, திரும்ப நின்றது.

அந்த இடத்தில் மட்டும் ஏன் நிற்கிறது என்று சொல்ல உங்களுக்கு நான்கு புகார் போதவில்லை. மகனுக்கு இரண்டு ராத்திரி போதுமாக இருந்தது. கோப்பு 2 மணி நேரம், சுமார் 65 ஜிபி. சராசரியாக 72 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 72 மெகாபிட். சராசரியை வைத்து ஏமாறக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பிள்ளைப் பாடம். ஓர் ஆள் சும்மா நிற்கிறார் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் மாறுவது கொஞ்சம்தான், முந்தின படத்தை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். நூறு பேர் சேர்ந்து அரிசி போட்டால் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில் விழுகிறது, அத்தனையையும் புதிதாக எழுத வேண்டும். அங்கே பிட்ரேட், அதாவது நொடிக்கு வந்து சேர வேண்டிய தரவு, 130-ஐத் தாண்டுகிறது. உங்கள் பெட்டியில் நெட்வொர்க் ஒயர் மாட்டுகிற லேன் போர்ட்டோ வெறும் 100. அதிலும் மேல்செலவு போக உண்மையில் வந்து சேர்வது 94 சொச்சம். நொடிக்கு 36 குறைகிறது. சேமித்து வைத்திருந்தது தீர்ந்ததும் வட்டம் சுற்றுகிறது. கல்யாணத்தில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் இந்தப் பெட்டி நிற்கும். பந்தியில் இலை போடுகிற காட்சியை அட்டகாசமாக ஓட்டுகிறது, அதற்கு நன்றி.

'ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்' என்றீர்கள். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கரண்ட் பார்ப்பேன், அப்புறம் ஸ்டார்ட்டர், அப்புறம் பைப். எடுத்த எடுப்பில் 800 அடி போரிலிருந்து மோட்டாரைத் தூக்கச் சொன்னால் என்னைக் கடைத்தெருவில் நடமாட விடமாட்டார்கள். இருந்தும் நீங்கள் சொன்னீர்களே என்று இரண்டு தரம் ரீசெட் செய்தோம். எல்லாப் பாஸ்வேர்டையும் அந்த ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி ஏற்றியது மருமகள்.

பிறகு என் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வைஃபையை விட்டுவிட்டு ஒயர் இழுத்தோம். அதிலும் ஒரு கோளாறு இருந்தது: மாடிக்குப் போகிற லேன் ஒயரில் கேபிள்காரர் எட்டில் நாலு கம்பியை மட்டும் முனையில் சேர்த்து கிரிம்ப் செய்திருந்தார். நாலு கம்பியில் 100 தான் போகும், கிகாபிட், அதாவது 1000, வேண்டுமானால் எட்டும் சேர வேண்டும். அது உங்கள் தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். எட்டையும் நானே கிரிம்ப் செய்தேன். கம்ப்யூட்டர் பக்கம் 1000 என்று காட்டியது. உங்கள் பெட்டிப் பக்கம் 100-லேயே நின்றது. வாய்க்கால் தலைமடையில் நிறைந்து ஓடுகிறது, கடைமடை மட்டும் காய்கிறது.

ஹார்டு டிஸ்கை நேராகவே பெட்டியில் செருகலாமே என்பீர்கள். செருகினோம். பெட்டிக்கு எஃப்ஏடி32 என்கிற பழைய டிஸ்க் ஃபார்மேட் மட்டும்தான் படிக்கத் தெரிகிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் நிற்காது. 4கே படம் ஓடும் என்று விற்கிற பெட்டிக்கு 4 ஜிபிக்கு மேல் கோப்பே வராது என்று எந்த ஞானி உங்களுக்குச் சொன்னாரோ தெரியவில்லை. 'வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்' என்று உங்கள் மின்னஞ்சலில் வந்தது. 65-ஐ நாலால் வகுத்தால் 17 துண்டு. எந்தத் துண்டில் தாலி, எந்தத் துண்டில் அரிசி என்று அம்மா தலைமாட்டில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம்.

பிட்ரேட் சோதிக்கவென்றே ஜெல்லி மீன் நீந்துகிற சின்னச் சின்ன வீடியோக்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பெயரிலும் அது எத்தனை எம்பிபிஎஸ் என்று எழுதியிருக்கும். மகன் ஒவ்வொன்றாகப் போட்டான். 80 ஓடியது. 90 திக்கியது. 110 நின்றேவிட்டது. "எந்நேரமும் என்ன மீனையே பாத்துட்டிருக்கறீங்க?" என்று அம்மா கேட்டார். கடைசியில் மகன் ஒரு யுஎஸ்பி கிகாபிட் அடாப்டர் வாங்கி வந்து பெட்டியின் பின்னால் செருகி, ஒயரை அதில் மாட்டினான். யுஎஸ்பி 2.0 வழியாகவே 300 பக்கம் வந்தது. 140 மீனும் வழுக்கிக்கொண்டு நீந்தியது. ஆகப் பெட்டிக்குள் இருக்கும் டிகோடருக்குப் படத்தைப் பிரிக்கச் சக்தி இருக்கிறது, வாசல்தான் குறுகல். வீட்டை விசாலமாகக் கட்டி, ஆள் குனிந்து நுழைகிற கதவு வைத்திருக்கிறீர்கள்.

புரட்டாசியிலிருந்து தை வரைக்கும் எங்களுக்குக் குறையில்லை. சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்ததும் அம்மாவுக்கு அந்த இடத்தைப் போட்டுவிட வேண்டும். மாமா கையை உயர்த்துவார், அரிசி விழும், கை இறங்கும். அம்மா கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

தையில் ஒரு ராத்திரி உங்கள் பெட்டி யாரையும் கேட்காமல் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. 'செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று காலையில் திரையில் வாசகம் மின்னியது. அடாப்டர் இருப்பதே பெட்டிக்குத் தெரியவில்லை. பழையபடி 100. பழைய மென்பொருளுக்குத் திரும்ப வழியும் இல்லை.

பிட்ரேட்டைக் குறைத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், மாற்றினோம். ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு 25 எம்பிபிஎஸ் ஆக்கினான் மகன். நிற்காமல் ஓடுகிறது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, பார்வை எங்களைவிடத் தெளிவு. "அரிசியக் காணமே. மாவாட்டமல்லொ விழுகுது" என்கிறார்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதானுங்க. பெட்டிமேல் அந்த எண்ணை எழுதுங்கள். லேன் போர்ட் 100-ஆ 1000-ஆ, உங்கள் பெட்டி நிற்காமல் ஓட்டக்கூடிய உச்சம் எத்தனை எம்பிபிஎஸ், யுஎஸ்பியில் என்னென்ன ஃபார்மேட் படிக்கும். மூன்று வரி.

நான் வேலை செய்கிற மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ் 8034 என்கிற இந்தியத் தர முத்திரை போட்ட சப்மெர்சிபிள் என்றால் உடம்பில் ஒரு தகடு இருக்கும். எத்தனை எச்பி, எத்தனை ஆம்பியர், எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது உயரத்துக்கு, எத்தனை தண்ணீர் தள்ளும் என்று அடித்திருக்கும். கோயம்புத்தூரில் செய்கிற பம்பை வாங்குகிற ஆள் அந்தத் தகட்டைப் பார்த்து, தன் போரின் ஆழத்தைப் பார்த்து, ஒத்துவராது என்றால் வேறு வாங்குவார். நீங்கள் '4கே' என்று மட்டும் போடுகிறீர்கள். அது 3840-க்கு 2160 என்று புள்ளியின் எண்ணிக்கை. கிணற்று வாயின் அகலத்தைச் சொல்லி விற்கிறீர்கள், ஊற்று எவ்வளவு என்று சொல்வதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். அல்ட்ரா எச்டி புளூரே தட்டு நூறையும் தாண்டிப் போகும். இரண்டுக்கும் பெயர் 4கே தான். 15-க்குச் சோதித்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்து ஸ்டிக்கர் ஒட்டினால் எப்படி?

உங்கள் இணையதளத்தில், பொடி எழுத்தில், 'எச்.265 லெவல் 5.1' என்று மகன் தேடிக் கண்டுபிடித்தான். எச்.265 என்பது வீடியோவைச் சுருக்குகிற ஒரு முறையாம். அந்த லெவலிலேயே மெயின் என்று ஒன்று, அதற்கு உச்சம் 40 எம்பிபிஎஸ். ஹை என்று இன்னொன்று, அதற்கு 160. உங்களுடையது எது என்று மூன்றாவது புகாரில் கேட்டிருந்தேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அது கருத்து இல்லைங்க, கேள்வி.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இப்போது எதை வாங்கினாலும் 'வரை' என்ற ஒரு வார்த்தையை ஒட்டிவிடுகிறார்கள். 300 எம்பிபிஎஸ் வரை, 10 மணி நேரம் வரை, 60 சதவீதத் தள்ளுபடி வரை. நானும் இனிமேல் 'காயில் கட்டித் தருகிறேன், மூன்று வருடம் வரை ஓடும்' என்று ரசீதில் எழுதலாமா என்று பார்க்கிறேன். மூன்று நாளில் புகைந்தாலும் 'வரை'க்குள்தானே வருகிறது. போன் செய்தால் இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. ஈரோட்டுக் கடையில் விற்கும்போது மட்டும் தமிழில்தான் பேசினீர்கள். தமிழுக்கு எண் கேட்டால், அது ஒன்பது வரைக்கும் போயும் வரவில்லை.

விட்டால் எங்கேயோ போய்விடுவேன். தொழில் நடத்துகிற கஷ்டம் எனக்கும் தெரியும். எல்லாப் பெட்டிக்கும் கிகாபிட் போர்ட் வைத்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அரை எச்பி மோட்டார் விற்பதும் நியாயமான வியாபாரம்தான், அரை எச்பி என்று எழுதி விற்றால். ஆகவே தயவுசெய்து பெட்டிமேல் அந்த எண்ணை எழுதுங்கள். பிட்ரேட் மிஞ்சினால் சும்மா வட்டத்தைச் சுற்றவிடாமல், 'இந்தப் படம் இந்த லேன் போர்ட்டில் ஓடாது' என்று திரையில் ஒரு வரி காட்டுங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். அந்த அடாப்டரை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளைத் திரும்பச் சேர்த்து ஓர் அப்டேட் விடுங்கள். முன்பு இருந்ததுதான், புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

வருகிற ஆடியில் மாமாவுக்கு வருசம் வருகிறது. எல்லோரும் எங்கள் ஆசாரத்தில்தான் கூடுவார்கள். அதற்கு முன்னால் முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். என் போன் எண் நான்கு புகாரிலும் இருக்கிறது. அடாப்டரைக் கழற்றவில்லை, பெட்டிக்குப் பின்னால் அப்படியே செருகித்தான் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்