மலிவுப் பதிப்பின் செலவை யார் ஏற்பது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்பது நல்ல செய்தி. இங்கும் எல்லோரும் நலம்.

அமெரிக்காவில் படிக்கும் உன் பேத்தி பொருளியல் முதலாண்டுப் பாடநூலுக்குக் கொடுத்த விலையை எழுதியிருந்தாய். அந்த விலையைக் காட்டிலும், மூத்த மாணவி ஒருத்தி தன் பழைய பிரதியைத் தர முன்வந்தும் அது பயன்படவில்லை என்று நீ எழுதியதுதான் என்னை வருத்தியது. வீட்டுப்பாடத்தை இணையத்தில் சமர்ப்பிப்பதற்கான ஆக்சஸ் கோடு புதிய புத்தகத்தோடு மட்டுமே கிடைக்கிறது, ஒருவர் பயன்படுத்திய கோடு அடுத்தவருக்கு ஆகாது என்றால், பழைய புத்தகம் கைமாறும் வழியையே அடைத்துவிட்டார்கள் என்றுதான் பொருள். மருந்தைப் போலவே பாடநூலையும் எழுதிக் கொடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியருக்கு விலை உறைப்பதில்லை. அந்த நாட்டு அரசின் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்கின்படி 2006 முதல் 2016 வரை கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 விழுக்காடு ஏறியது. கல்விக் கட்டணம்கூட அந்தக் காலத்தில் 63 விழுக்காடுதான் ஏறியது.

நாம் படித்தபோது நமக்கு ஏன் இந்தத் துன்பம் இல்லை என்று கேட்டிருந்தாய். 1985இல் தீக்கிரையாகும் வரை சென்ட்ரல் நிலையத்தின் அருகே இருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் ஒரு காரணம். ஆனால் நம் அலமாரியில் இருந்த புதிய புத்தகங்களை எண்ணிப் பார். ஈ.எல்.பி.எஸ். (இங்லிஷ் லாங்குவேஜ் புக் சொசைட்டி) முத்திரையோடு வந்த பிரிட்டிஷ் நூல்கள் மலிவாகக் கிடைத்தன, ஏனெனில் விலையின் ஒரு பகுதியை பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்டது. பி.எல். 480 திட்டத்தின்கீழ் அமெரிக்கா நமக்குத் தானியம் விற்றுச் சேர்த்த ரூபாய் நிதியைக் கொண்டு அமெரிக்கப் பாடநூல்கள் இங்கே மலிவாக அச்சாயின. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் நாம் வாங்கிய மாஸ்கோ மீர் பதிப்பகத்துக் கணக்கு, இயற்பியல் நூல்களின் கெட்டி அட்டையும் நல்ல தாளும் அந்த விலைக்குக் கட்டுப்படியாகியிருக்கவே முடியாது. சோவியத் அரசுதான் அந்த இழப்பைத் தாங்கியது. பனிப்போர்க் காலத்தில் நம் மனத்தைப் பிடிக்க அவரவர் கொடுத்த விலை அது என்பதை நான் மறுக்கவில்லை. நோக்கம் எதுவானாலும் பணம் கொடுக்க யாரோ ஒருவர் இருந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, 1990களின் பிற்பகுதியில் ஈ.எல்.பி.எஸ். நின்றது, அந்த இடத்துக்கு வேறு எவரும் வரவில்லை.

வந்தது ஜெராக்ஸ் இயந்திரம்தான். நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் பாடத்திட்டத்தில் அச்சிட்டிருக்கும் மூலநூலை நூலகத்தில் ஒருமுறை பார்ப்பதோடு சரி; தேர்வுக்கு லோக்கல் ஆதர் புத்தகத்தையோ (உள்ளூர் ஆசிரியர் தேர்வுக்கென்றே எழுதியது), ஸ்பைரல் பைண்டிங் செய்த பிரதியையோதான் நம்புகிறார்கள். இரண்டு மதிப்பெண் கேள்விகளையும் விடைகளையும் அடுக்கித் தரும் புத்தகத்தை மட்டும் படித்து ஒரு பிள்ளை பட்டம் வாங்கிச் செல்வதைப் பார்க்கும்போது, அவன் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

டெல்லிப் பல்கலைக்கழக வழக்கைப் பற்றி உனக்கு நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்ற சிறு கடை, ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பல நூல்களின் பகுதிகளை நகலெடுத்து ஒரே கட்டாகத் தைத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனமும் 2012இல் அந்தக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் தனித்தனிச் சங்கங்களாகத் திரண்டு வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டவர்களில், அவற்றுக்காக நூல் எழுதிய அறிஞர்களே பலர் இருந்தார்கள். அமர்த்தியா சென்னும் அப்படிக் கேட்டுக்கொண்டார்.

2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை அனுமதிக்கிறது. கற்பித்தல் வகுப்பறை நேரத்தோடு முடிவதில்லை என்றும், பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை அன்று என்றும் அவர் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, சில விவரங்களை மட்டும் விசாரணைக்கு அனுப்பிவிட்டு, இந்த விளக்கத்தைப் பெரும்பாலும் ஏற்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஒரு சிறு கடைக்காக ஒரு பல்கலைக்கழகமே நீதிமன்றத்தில் நின்றது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆனாலும் ஜெராக்ஸ் உரிமையோடு நாம் நின்றுவிடலாகாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு நல்ல நூலின் முப்பது பக்கங்களை நகலெடுக்கலாம். இயற்பியல் போன்ற பாடத்துக்கு முழு நூலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டும். அப்படியானால், அன்று பிற நாட்டு அரசுகள் தங்கள் காரணங்களுக்காகக் கொடுத்த பணத்தை இன்று நம் அரசும் பல்கலைக்கழகங்களும் நம் காரணங்களுக்காகக் கொடுக்க வேண்டும். இது புதிய யோசனையும் அன்று. 1960களில் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்புகள் வந்தபோது, அரசே ஆசிரியர்களை எழுதவைத்து நூற்றுக்கணக்கான பாடநூல்களை வெளியிட்டது. அவற்றில் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் புதுப்பிக்கும் வேலை தொடரவில்லை, பாடங்கள் முன்னே போய்விட்டன. எழுதத் தெரிந்த ஆசிரியருக்கு ஓராண்டு வகுப்புச் சுமையைக் குறைத்து, நியாயமான ஊதியத்தை முன்கூட்டியே கொடுத்து, நூலை எவரும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், பிறகு மாணவன் தாளுக்கும் மைக்கும் மட்டும் கொடுத்தால் போதும்.

அமெரிக்காவிலேயே ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் திட்டம் 2012 முதல் இதைத்தான் அறக்கட்டளைகளின் பணத்தில் செய்து வருகிறது. முதலாண்டுப் பொருளியலுக்கும் அவர்களிடம் நூல் உண்டு, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். உன் பேத்தியின் பேராசிரியர் அதைப் பார்த்திருக்கிறாரா, பார்த்தும் ஒதுக்கியிருந்தால் அதற்கு என்ன காரணம் சொல்கிறார் என்று அவளிடம் கேட்டு எனக்கு எழுது. இங்கே பாடத்திட்டக் குழுவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசி வருகிறேன். அந்தப் பதில் கையில் இருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்