லினக்ஸில் வைரஸ் வராது என்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களுக்கு

லினக்ஸ் பயனர் குழுக்களின் மூத்தவர்களுக்கு வணக்கம்.

"லினக்ஸ் போட்டுட்டீங்கல்ல? இனி வைரஸ் பயமே வேண்டாம்." புதிதாக வருகிறவர்களிடம் நீங்கள் முதலில் சொல்வது இதுதான். என்னிடமும் சொன்னீர்கள், நம்பினேன். தயவுசெய்து இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

வீட்டில் ஓடும் என் சின்ன சர்வர் திடீரென்று இரைய ஆரம்பித்தது. ஓடும் நிரல்களைக் காட்டும் 'டாப்' கட்டளையை அடித்துப் பார்த்தால், பேர் தெரியாத ஒரு நிரல் சிபியு முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. கொன்றேன், ஒரு நிமிடத்துக்குள் மறுபடி முளைத்தது. தானாக ஓடவேண்டிய வேலைகளின் பட்டியலான க்ரான்டாப்பில் நான் எழுதாத ஒரு வரி: நிமிடத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டு. அந்த நிரல் குடியிருந்தது டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் பெயரோடு. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை வெறுமனே அடித்தால் கண்ணில் படாது. உள்ளே வந்த வழி, சோதனைக்காக உருவாக்கி நான் மறந்துபோன 'டெஸ்ட்' கணக்கு. பாஸ்வேர்டும் டெஸ்ட்தான். (சிரிக்கலாம்.)

ரூட் எனும் முழு நிர்வாக உரிமை இல்லாமல் வைரஸால் ஒன்றும் செய்ய முடியாது என்பீர்கள். இதற்கு ரூட் தேவையே படவில்லை. அதே வழியில் என் சொந்தக் கணக்குக்குள் வந்திருந்தால்? படங்கள், கடிதங்கள், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) சாவி எல்லாம் என் ஹோம் ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. இயங்குதளத்தை அரை மணியில் திரும்ப நிறுவிவிடலாம், அவற்றை?

பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1983-ல் ஃப்ரெட் கோஹன் வைரஸைச் சோதித்துக் காட்டியதே, லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ் கணினியில்தான். 1988 நவம்பரில் தானே பரவும் நிரலான மோரிஸ் புழு, சென்ட்மெயில், ஃபிங்கர் ஆகிய நிரல்களின் ஓட்டைகளில் நுழைந்ததும் யூனிக்ஸில்தான். 2016-ல் மிராய் என்ற தீநிரல், விற்கும்போதே இருந்த அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை வைத்தே லினக்ஸ் ஓடும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்தது.

எல்லோரையும் கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு நிரலைப் போடச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. மெயில் சர்வரில் அது பயன்படும், பெரும்பாலும் விண்டோஸ்காரர்களைக் காப்பாற்ற. என் டெஸ்ட் கணக்கை அது மூடியிருக்காது. எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை அணைத்துச் சாவி மட்டும் வைக்கவும், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கவும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். அப்படியே உங்கள் நிறுவல் குறிப்புகளில் கர்லில் இணையத்திலிருந்து இறங்கும் ஸ்கிரிப்டைப் படிக்காமல் சுடோ பாஷுக்குப் பைப் செய்யும், அதாவது நிர்வாக உரிமையோடு அப்படியே ஓட்டும், அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.

மென்பொருள்களை இறக்கும் லினக்ஸ் களஞ்சியமும் முழுக் காப்பல்ல. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது வெளியே வந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் சந்தேகப்பட்டதால்தான் அகப்பட்டது. நானோ சர்வர் இரைந்த மூன்று நாளும் விசிறியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். லினக்ஸில் வேறென்ன வரப்போகிறது?