எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தேர்வுப் பிரிவில் 14 வருஷமாகத் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவள் எழுதுகிறேன். சிக்கன நடவடிக்கை என்று வேலை நாட்களைக் குறைத்து நீங்கள் சுற்றறிக்கை விட்டதும், நாங்கள் நிர்வாகக் கட்டட வாசலில் வந்து உட்கார்ந்ததும் தாங்கள் அறிந்ததே. பதினோராம் நாள் உங்கள் பதில் வந்தது. வேலை பார்க்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது, மூன்று நாளில் திரும்பாதவர்கள் நீக்கப்படுவார்கள் என்று ஒரு தாள். அதையும் யார் கையிலும் தரவில்லை, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் கேட்டது ஒன்றுதான் ஐயா: கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஆய்வகக் கட்டடம் பெருக்கும் அக்கா முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிறார். மாதம் 26 நாள் இருந்த வேலையை 13 நாளாக்கிவிட்டீர்கள். போராட்டப் பந்தலில் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பார். மடியில் சுளவு (முறம்). நனைத்த இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்கி விரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட பீடி சுற்றும் வேலை. "யுனிவர்சிட்டில வேலைன்னு சொல்லித்தாம்ட்டி மவளுக்கு மாப்ள பாத்தோம். இப்ப அவ கண்ணுல படாமச் சுளவத் தூக்கிட்டு இங்க வாரேன்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. நான் பேச்சை மாற்றினேன்.

மானியம் வரவில்லை, தணிக்கை ஆட்சேபம் இருக்கிறது என்கிறீர்கள். நெருக்கடி பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வெட்டு ஏன் எப்போதும் தினக்கூலியிடமிருந்தே தொடங்குகிறது? காலிப் பணியிடங்களை வருஷக்கணக்காக நிரப்பாமல், அந்த வேலை முழுவதையும் எங்கள் தலையில்தானே ஏற்றினீர்கள்? தேர்வு முடிவு வெளிவர வேண்டிய நாட்களில் ராத்திரி பத்து மணி வரை இருந்தோமே, அப்போது எங்களைத் தற்காலிகம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் உண்டு என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. இருந்ததைப் பறிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சில நாளிலேயே வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கிவந்து சம்பளத்தை உயர்த்தியது. நம் வரலாற்று மாணவர்கள் அதை எழுதிய விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து அடுக்கியவள் நான். வெள்ளைக்காரன் பேசினான். நீங்கள் எங்கள் ஊர்க்காரர்கள், எங்களோடு பேச என்ன தடை?

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சிண்டிகேட் கூடுகிறது. அதற்கு முன் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, எங்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்த ஐந்து பேரில் அக்காவும் இருக்கட்டும். உங்கள் அறையிலிருந்து பந்தலுக்கு இருபது படிதான்.

பணிவுடன்,
தேர்வுப் பிரிவுத் தொகுப்பூதிய ஊழியர்